சதுரங்கத் தரவுகோள் வீக்கம்

சதுரங்கத் தரவுகோள் வீக்கம் என்பது, ஆட்டத்திறன் அதே அளவில் வளராத நிலையிலும், ரேட்டிங் எனப்படும் எலோ தரவுகோள் எண்கள் காலப்போக்கில் உயர்ந்து செல்வதைக் குறிக்கும். இதற்கு எதிரானது தரவுகோள் சுருக்கம் எனப்படும்.

எலோ முறை

அங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஆர்ப்பாடு எலோ வகுத்த இம்முறையைப் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான பிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. ஓட்டப்பந்தயக் கடிகாரம் போல் இது தனித்து அளப்பதில்லை. இருவருக்கு இடையிலான வேறுபாட்டை மட்டுமே அளக்கிறது. வேறுபாடு 100 புள்ளிகள் எனில், வலியவர் சுமார் 64 விழுக்காடு வெற்றிப்புள்ளிகளைப் பெறுவார் என்பது கணக்கு. ஆகவே எல்லோரும் ஒருசேர முன்னேறினால் எண்கள் அசையமாட்டா. மறுபுறம், நுழைந்தபோது இருந்ததைவிடக் குறைந்த எண்ணுடன் ஒருவர் விலகினால், அவர் இழந்த புள்ளிகள் பிறரிடம் தங்கிவிடும்.

ஆனந்தும் பிசரும்

மயிலாடுதுறையில் 1969இல் பிறந்த விசுவநாதன் ஆனந்த், 2007 ஏப்ரல் பட்டியலில் 2786 புள்ளிகளுடன் முதன்முறையாக உலகின் முதலிடத்தைப் பெற்றார். 1972இல் பாபி பிசர் பெற்றிருந்தது 2785. இதனால் ஆனந்த் பிசரைவிட ஒரு புள்ளி வலியவர் என்று கொள்வது தவறு. பிசர், அன்றைய உலக வாகையாளர் இசுப்பாசுகியைவிட (2660) 125 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். ஆனந்துக்கும் இரண்டாமிடத்து தோப்பலோவுக்கும் (2772) இடைவெளி 14 மட்டுமே. 125 புள்ளி இடைவெளிக்கு எதிர்பார்க்கப்படுவது சுமார் 67 விழுக்காடு. அவ்வளவு பெறாததால், இசுப்பாசுகியை வென்று பட்டம் பெற்ற பின்னரும் பிசரின் எண் 2780ஆகக் குறைந்தது! 2024 அக்டோபரில் சென்னையைச் சேர்ந்த குகேசு 2794 புள்ளிகளை எட்டினார். எனினும் அப்பட்டியலில் முதலிடம் அவருடையதன்று.

இதைக் கொண்டு உயர்வு முழுவதையும் வீக்கம் எனத் தள்ளிவிடவும் இயலாது. ஆனந்தின் தலைமுறைக்குக் கணினியும் ஆட்டத் தரவுத்தளங்களும் கைவந்தன. கென்னத் ரீகனும் கய் ஆவர்த்தும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பல பத்தாண்டுகளின் நகர்த்தல்களைக் கணினியால் மதிப்பிட்டு, வீக்கம் இல்லை அல்லது மிகச் சிறிது என்றே கண்டனர்.

சுருக்கமும் திருத்தமும்

கீழ்நிலைகளில் சிக்கல் நேர்மாறானது. குறைந்த எண்ணுடன் நுழையும் சிறுவர்கள் விரைவில் தேர்ச்சி பெற்று, மூத்த ஆட்டக்காரர்களின் புள்ளிகளைப் பறிக்கின்றனர். பள்ளி மாணவர்கள் பெருமளவில் ஆடும் தமிழ்நாடு போன்ற இடங்களில், சிறுவனிடம் தோற்ற மூத்தவரின் திறன் குன்றியிருக்க வேண்டியதில்லை.

பிடே பட்டியலை நேரடியாகவும் திருத்தியுள்ளது. 1987 சனவரியில் சூசன் போல்கார் நீங்கலாக மகளிர் ஆட்டக்காரர்களுக்கு 100 புள்ளிகள் கூட்டப்பட்டன. 2024 மார்ச்சு 1 முதல், 2000க்குக் கீழிருந்தவர்களுக்கு அவ்வெண்ணை எட்டத் தேவைப்பட்டதில் 40 விழுக்காடு சேர்க்கப்பட்டது. மிகக் குறைந்த தரவுகோள் 1400 ஆக்கப்பட்டது. இதன்படி 1500 புள்ளிகள் கொண்டிருந்தவர், ஒரு காயைக்கூட நகர்த்தாமல் 1700 ஆனார்.