பனிக் கணவாயில் வழி காட்டியோர்

நான் பிறந்த சிற்றூர் வேளாங்கண்ணிக்கு வடமேற்கே, நெல் வயல்களின் நடுவே அமைந்துள்ளது. எங்கள் ஊரில் மேடு என்று ஒன்று உண்டானால் அது வாய்க்கால் கரைதான். கிழக்கே கடல், மற்ற மூன்று திசைகளிலும் பச்சைப் பரப்பு. தொலைவில் ஒரு கோபுரமோ, மாதா கோயிலின் உச்சியோ தெரிந்தால், அதுவே எங்களுக்கு மலை. அத்தகைய சமவெளியில் பிறந்த ஒருவன் இமயத்துப் பனிக்கணவாய் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் அந்தக் கணவாயின் வரலாற்றில் தமிழோடு தொடர்புடைய இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. அவற்றைச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

அதற்கு முன் என் இளமைக் கால நினைவு ஒன்று. ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதக் கடைசியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கொடி ஏறும். செப்டம்பர் 8ஆம் நாள் வரையில், காவி உடுத்த மக்கள் பல ஊர்களிலிருந்தும் நடந்தே வருவார்கள். பள்ளி மாணவனாக இருந்தபோது நானும் ஒருமுறை தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த கூட்டத்தோடு சேர்ந்து நடந்தேன். இரவில் எங்களுக்கு முன்னால் ஒரு முதியவர் அரிக்கேன் விளக்குடன் செல்வார். “கரை உடைந்திருக்கிறது, தம்பி, இடப்புறமாக வா” என்பார். “இது மதகு, பார்த்துக் கால் வை” என்பார். அவர் சொன்ன இடத்தில் கால் வைத்தோம். ஊர் வந்து சேர்ந்தோம். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. பின்னாளில் வரலாறு படிக்கத் தொடங்கியபோது, பெரிய பயணங்களின் ஏடுகளிலும் இதே குறை இருப்பதைக் கண்டேன். பயணம் செய்தவரின் பெயர் நிற்கிறது; வழி காட்டியவரின் பெயர் நிற்பதில்லை.

இனிக் கணவாய்க்கு வருவோம். இரு மலைகளுக்கு இடையே உள்ள தாழ்ந்த வழியே கணவாய். நமக்குத் தெரிந்த பாலக்காட்டுக் கணவாய் கடல் மட்டத்துக்கு மேல் ஐந்நூறு அடி உயரங்கூட இல்லை. நான் சொல்லப் போகும் கணவாயின் பெயர் சோஜி லா. ‘லா’ என்றாலே அந்நாட்டு மொழியில் கணவாய் என்று பொருள். காஷ்மீரப் பள்ளத்தாக்கையும் லடாக்கையும் இணைக்கும் இந்த வழி ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் உள்ளது. தென்னாட்டு மலைகளில் மிக உயர்ந்த ஆனைமுடிச் சிகரம் 8,842 அடி. நம் மலைகளின் தலையைவிட இமயத்தின் இடுப்பு உயர்ந்தது என்பது இதனால் விளங்கும்.

கணவாயின் இரு பக்கங்களும் இருவேறு உலகங்கள். காஷ்மீரப் பக்கத்தில் சோனமர்க், பால்தால் என்னும் இடங்களில் புல்வெளியும் மரங்களும் செழித்திருக்கும். மறுபக்கத்தில் த்ராஸ் பகுதியில் மரமே அரிது. மேற்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்று, சுமந்து வந்த ஈரத்தையெல்லாம் மலையின் மேல் பனியாகக் கொட்டிவிட்டு, அப்பால் வறண்டு போவதே இதற்குக் காரணம். மாதக் கணக்கில் பனி குவிந்து கிடக்கும். விடியற்காலையில் அது பாறைபோல் இறுகியிருக்கும், கால் வைக்கலாம். வெயில் ஏறினால் இளகும், கால் புதையும், சரிவுகளிலிருந்து பனிப்பாளங்கள் பெயர்ந்து உருளும். ஆகவே எப்போது புறப்படுவது, எங்கே நிற்பது, எப்போது திரும்பிவிடுவது என்பனவெல்லாம் அங்கே உயிர் காக்கும் அறிவாகும். அந்த அறிவு ஏட்டில் இருந்ததில்லை. அம்மலைகளில் சுமை தூக்கிப் பிழைத்த மக்களிடமே இருந்தது.

1715ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், இரண்டு ஐரோப்பியத் துறவிகள் ஸ்ரீநகரிலிருந்து இந்தக் கணவாயை நோக்கிப் புறப்பட்டார்கள். ஒருவர் இத்தாலியில் பிஸ்தோயா நகரத்தில் 1684இல் பிறந்த இப்போலித்தோ தேசிதேரி. மற்றவர் போர்த்துகேசியரான மனுவேல் பிரெய்ரே. இருவரும் இயேசு சபையினர். திபெத்தை அடைவது அவர்கள் நோக்கம். முந்திய நவம்பரிலேயே ஸ்ரீநகரை அடைந்துவிட்ட அவர்கள், பனி வழியை மறித்ததால் ஆறு மாதம் அங்கே காத்திருக்க நேர்ந்தது. மே 30ஆம் நாள் சோஜி லாவைக் கடந்து, ஜூன் மாதக் கடைசியில் லே நகரை அடைந்தார்கள். ஏறத்தாழ நாற்பது நாள் நடை. அந்த வழியில் குதிரை ஏறிச் செல்ல இயலாது. காலால் நடந்தே தீரவேண்டும்.

தேசிதேரி எழுதிவைத்த குறிப்புகளில் என் மனத்தைத் தொட்ட பகுதி ஒன்று உண்டு. மலையின் விலாவில், ஒருவர்பின் ஒருவராகவே செல்லத்தக்க குறுகிய தடம். சில இடங்களில் பனிச்சரிவோ மழையோ அதையும் அடித்துக்கொண்டு போயிருக்கும். அங்கே வழிகாட்டி முன்னே சென்று, சிறு கோடரியால் சரிவை வெட்டி, ஒரு காலடி வைக்கும் அளவுக்குப் பள்ளம் செய்வான். பின் துறவிக்குக் கை கொடுத்து அந்தப் பள்ளத்தில் கால் வைக்கச் செய்வான். அவர் அங்கே நிற்கும்போது அடுத்த பள்ளத்தை வெட்டுவான். கீழே ஆறு பாய்ந்துகொண்டிருக்கும். இப்படி அடி அடியாக அவர்கள் முன்னேறினார்கள். மரக்கிளைகளை முறுக்கிச் செய்த கயிற்றுப் பாலங்களையும் தாண்டினார்கள்.

மாணவர்களே, அந்தக் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் கல்வியில் சிறந்தவர். பல மொழி அறிந்தவர். மற்றவன் எழுத்தறியாத ஏழையாக இருந்திருக்கக்கூடும். ஆனால் அந்தச் சரிவில் யார் ஆசிரியர், யார் மாணாக்கர்? தேசிதேரியின் பெயர் இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் வழங்குகிறது. கோடரி பிடித்தவன் பெயர் வரலாற்றில் நிற்கவில்லை.

லே நகரை அடைந்தபின் ஒரு விந்தை நிகழ்ந்தது. பிரெய்ரேக்கு அந்நாட்டுக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தியாவுக்குத் திரும்ப விரும்பினார். ஆனால் வந்த வழியே மீண்டும் செல்ல அவருக்கு மனத் துணிவு இல்லை. வேறு வழி உண்டோ என்று விசாரித்தபோதுதான், கிழக்கே லாசா நகரம் வழியாகத் திரும்பலாம் என்று அறிந்தார். ஒரு கணவாயின் அச்சமே அவர்களை லாசாவை நோக்கித் திருப்பிற்று எனலாம்.

மேற்குத் திபெத்தின் ஆளுநராக இருந்த கணவர் இறந்தபின் அப்பகுதியை ஆண்டுவந்த மங்கோலிய இளவரசி ஒருத்தி, அப்போது பெரும் பரிவாரத்தோடு லாசாவுக்குப் புறப்பட இருந்தாள். இரு துறவிகளையும் அவள் தன் காவலில் அழைத்துச் சென்றாள். கைலாய மலையையும் மானசரோவர் ஏரியையும் கடந்து அந்தக் கூட்டம் குளிர்காலத்தில் நடந்தது. ஒரு நாள் மாலை கூடாரங்கள் அடித்தபின், பிரெய்ரேயைக் காணவில்லை என்பது தெரிந்தது. இளவரசி குதிரை வீரர்களைப் பின்னோக்கி அனுப்பினாள். பனியில் செத்து விழுந்த தம் குதிரையின் வயிற்றோடு ஒட்டி, அதன் உடலில் எஞ்சியிருந்த சூட்டினால் உயிரைப் பிடித்துக்கொண்டு அவர் கிடந்தாராம். அன்றிரவு யாரேனும் அவரைத் தேடாதிருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1716ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் இருவரும் லாசாவை அடைந்தனர். பிரெய்ரே விரைவில் இந்தியா திரும்பினார். தேசிதேரி ஐந்து ஆண்டுகள் தங்கித் திபெத்திய மொழியைக் கற்று, அம்மொழியிலேயே நூல்கள் எழுதினார்.

இனித் தமிழ்த் தொடர்பு. 1721இல் திபெத்தை விட்டு நீங்கிய தேசிதேரி, சில ஆண்டுகள் வடநாட்டில் பணியாற்றியபின் தெற்கே வந்து, புதுச்சேரியைச் சார்ந்த கர்நாடக மிஷனில் சேர்ந்தார். இங்கே அவர் தமிழ் கற்கத் தொடங்கினார். காவிரியின் வடகரைப் பக்கத்தில் வீரமாமுனிவர் தமிழ்ப் பணி செய்துகொண்டிருந்த காலம் அது. பனிக்கணவாயில் பிறர் கைபற்றி நடந்தவர், நாற்பது வயதுக்குமேல் மீண்டும் ஒரு மாணவராகி நம் எழுத்துகளைக் கற்றார். 1727இல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறினார். 1733இல் ரோமாபுரியில் மறைந்தார். அவருடைய பயண நூலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் அச்சேறாமல் கையெழுத்தாகவே மறைந்து கிடந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி 1948ஆம் ஆண்டினது. காஷ்மீரத்தில் போர் மூண்டிருந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில், கடும் பனிக்காலத்திலேயே, லாஹூல் நாட்டைச் சேர்ந்த பிரிதி சந்த் என்னும் படைத்தலைவர் ஏறத்தாழ நாற்பது தொண்டர்களுடன் சோஜி லாவை நடந்தே கடந்து லேயை அடைந்தார். பனிநாட்டில் பிறந்தவர்களாதலின் அது அவர்களால் இயன்றது. பின்னர்க் கணவாய் எதிரிகள் கைக்குப் போயிற்று. லடாக்கின் தரைவழி அடைபட்டது. அதை மீட்கத் தளபதி திம்மய்யா, எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். டாங்கிகளையே கணவாய்க்கு ஏற்றத் துணிந்தார்.

ஆனால் பால்தாலிலிருந்து மேலே சென்றது கோவேறு கழுதைத் தடம் மட்டுமே. அதை டாங்கி செல்லும் வழியாக ஆக்கியவர்கள் சென்னைச் சாப்பர்கள் எனப்படும் பொறியியற் படைப்பிரிவின் இரண்டு கம்பெனியினர். தமிழரும் பிற தென்னாட்டாரும் மிகுதியாகச் சேர்ந்து பணியாற்றும் படை அது. வெயிலில் வளர்ந்த கைகள், உறையும் குளிரில், எதிரியின் குண்டுக்கு அஞ்சாமல் பாறையை உடைத்தன. 1948 நவம்பர் 1ஆம் நாள், பனி பெய்துகொண்டிருக்கையில், ஏழாவது இலகு குதிரைப்படையின் டாங்கிகள் கணவாயில் தோன்றின. எதிரிகள் நிலைகுலைந்தனர். அம்மாத இறுதிக்குள் கார்கிலும் மீட்கப்பட்டது. 1715இல் ஒரு மலைவாணன் கோடரியால் காலடி வெட்டிய சரிவில், 233 ஆண்டுகளுக்குப் பின் தென்னாட்டார் கடப்பாறையால் சாலை வெட்டினர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜூன் மாதத்தில் அந்தக் கணவாயை நானும் கடந்தேன். நடந்து அன்று, மோட்டார் வண்டியில். சாலையின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலாகப் பனிச்சுவர் நின்றது. இறங்கி அதைத் தொட்டேன். மூச்சு வாங்கியது, பத்து அடி நடப்பதற்குள் நெஞ்சு படபடத்தது. ஓட்டுநர் என் முழங்கையைப் பற்றி, வழுக்காத இடத்தைக் காட்டி என்னை வண்டிக்கு அழைத்து வந்தார். மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைக்கும் பணி அங்கே 2020இல் தொடங்கிற்று. அது வேண்டியதே, பனிக்காலத்தில் மருத்துவத்துக்கும் உணவுக்கும் தவித்த மக்களுக்கு அது பெருந்துணை. ஆனால் வழி எளிதாகும்போது, அது அரிதாக இருந்த காலத்தில் கை கொடுத்தவர்களை மறப்பதும் எளிதாகிவிடும்.

அந்த ஓட்டுநரிடம் விடைபெறும்போது அவர் பெயரைக் கேட்டு என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். விளக்கேந்தி நடந்த முதியவரிடம் சிறுவயதில் கேட்கத் தவறியது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நீங்களும் நாளை எத்தனையோ கணவாய்களைக் கடப்பீர்கள். ஏட்டில் எழுதும்போது, உங்கள் பெயருக்கு முன்னால் வழி காட்டியவரின் பெயரை எழுதுங்கள். வரலாறு விட்டுவிட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் அதனால் தீரும்.