திருமயத்துக்காரர் செய்த காரியம்

தீபாவளி என்றால் புதுத் துணி, பட்டாசு, புதுப் படம். 2020-ஆம் வருஷத் தீபாவளிக்கு, நோய்க்குப் பயந்து பல மாதம் பூட்டிக் கிடந்த கொட்டகைகள் திறந்த சில நாட்களிலேயே, ‘இரண்டாம் குத்து’ வந்தது. 2018-இல் வெளியான ‘இருட்டு அறையில் முரட்டு குத்து’ என்ற படத்தின் தொடர்ச்சி. பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும்.

படத்துக்கு முன்னால் கண்டனம் வந்தது. விளம்பரத்தைக் கண்டு டைரக்டர் பாரதிராஜா கொதித்தார். படத்தை எடுத்த சந்தோஷ் ஜெயகுமார், பாரதிராஜாவின் ‘டிக் டிக் டிக்’ (1981) விளம்பரத்தை எடுத்துக் காட்டினார்; பிறகு வருத்தமும் தெரிவித்தார். படம் வந்ததும் விமரிசகர்களும் வசை பாடினார்கள்.

இந்தச் சண்டை பழசு. நாடகம் கூத்தாடிகளின் தொழில் என்று படித்தவர்கள் முகம் சுளித்த காலம் ஒன்று உண்டு. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். அந்த மேடையில் அரிதாரம் பூசி நடித்த வக்கீல்களில் ஒருவர், 1887-இல் திருமயத்தில் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி. காங்கிரஸ் தலைவரான பின்பும் அவர் நடிகர்களை ஒதுக்கவில்லை. கே. பி. சுந்தராம்பாளைத் தேசப் பிரசாரத்துக்கே அழைத்து வந்தார்.

வாசலில் நின்று வைதால் டிக்கெட்டுத்தான் அதிகம் விற்கும். திருமயத்துக்காரர் உள்ளே போனார். மட்டமான ஹாஸ்யத்துக்கு மாற்று மருந்து கண்டனம் அல்ல, நல்ல ஹாஸ்யம். அதை எழுத வேண்டியவர்கள், பேனா பிடித்த எங்களைப் போன்றவர்கள்தாம்.