கற்பிக்கும் திரையும் சபரகமுவத் தோட்டங்களும்

1975ஆம் ஆண்டிலே, கொழும்பு மாநகரில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரின் இல்லத்தில், வானை நோக்கிய பெரியதொரு கிண்ணம் போன்ற அன்டெனாவை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் பொருத்தினர். இலங்கையில் அக்காலத்தில் தொலைக்காட்சி நிலையம் ஒன்றேனும் இருக்கவில்லை. ஆயினும் அந்த வீட்டில் தொலைக்காட்சி தெரிந்தது. பூமிக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நின்ற ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செய்மதியிலிருந்து நேராக வந்திறங்கிய காட்சி அது. விண்ணில் நிலைநிறுத்திய கருவிகளால் உலகெங்கும் ஒலியும் ஒளியும் அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதியவர் கிளார்க். 1956 முதல் இலங்கையைத் தம் வாழ்விடமாகக் கொண்டவருக்கு இப்படியொரு பரிசு கிடைத்தது பொருத்தமே.

அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அந்த வீட்டிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இரத்தினபுரிப் பகுதியிலும், கேகாலைப் பகுதியிலும் கம்பனிகளுக்குச் சொந்தமாயிருந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின்படி அரசின் கைக்கு மாறின. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்னும் ஊர்களைச் சூழ்ந்த லயங்களில் துரைமார் மாறினர், வாழ்க்கை மாறவில்லை. அதற்கு முந்திய ஈராண்டுகளிலே உணவுத் தட்டுப்பாட்டால் தோட்ட மக்கள் பட்ட துன்பம் இன்னும் ஆறாதிருந்த காலம் அது. செய்மதி அனுப்பிய பாடங்களோ ஹிந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கு மொழிகளில் அமைந்தவை. தமிழ் அவற்றுள் இல்லை. எனினும், எழுத்தறியாத தாய்க்கு உடல்நலத்தையும், ஆய்வுகூடம் காணாத பிள்ளைக்கு விஞ்ஞானத்தையும் ஒரு திரை கற்பிக்க முடியுமா என்று அம்முயற்சி கேட்ட கேள்வி, சபரகமுவத் தோட்டங்களுக்கும் உரியதே. அக்கேள்விக்குக் கிடைத்த விடையை அறிய, திரைக்கு முன்னால் அமர்ந்தோரை விடத் திரைக்குப் பின்னால் உழைத்தோரையே முதலில் நோக்க வேண்டும்.

இந்தியாவும் அமெரிக்க விண்வெளி நிறுவனமும் 1969ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஓர் உடன்பாடு செய்தன. அதனைக் கனவு கண்டவர் விக்ரம் சாராபாய். அவர் 1971ஆம் ஆண்டின் இறுதியில் மறைந்தார், கனவு மறையவில்லை. 1975 ஓகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை சரியாக ஓராண்டுக்கு, ஆறு மாநிலங்களில் ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்கு நாள்தோறும் நான்கு மணி நேரம் நிகழ்ச்சிகள் சென்றன. காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் வளர்ந்தோருக்கு. காலைப் பொழுதை நான்கு மொழிகளுக்கும் பங்கிட்டபோது ஒவ்வொரு மொழிக்கும் கிடைத்தது இருபத்திரண்டரை நிமிடமே. அச்சிறு பொழுதுக்கு ஓராண்டு முழுவதும் இரை தேட வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளர்களின் தலையில் விழுந்தது. டெல்லி, ஹைதராபாத், கட்டாக் ஆகிய இடங்களில் வானொலித் துறையார் தயாரிப்பு நிலையங்களை நடத்தினர். சிறுவர்க்கான விஞ்ஞான நிகழ்ச்சிகளை விண்வெளி நிறுவனத்தாரே பம்பாயில் தயாரித்தனர். அகமதாபாத்திலிருந்த விண்வெளிப் பயன்பாட்டு நிலையத்தின் இயக்குநராய் அப்பொழுது இருந்தவர் பேராசிரியர் யஷ்பால் என்னும் பௌதிக அறிஞர். விஞ்ஞானம் என்பது கண்ணாடிக் குழாய்களில் மட்டும் நிகழ்வதன்று, கிணற்றடியிலும் அடுக்களையிலும் நிகழ்வது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்ற கொள்கை உடையவர்.

இங்கேதான் அம்முயற்சியின் சிறப்பு விளங்குகிறது. நிகழ்ச்சியை முதலில் தயாரித்துவிட்டுப் பின்னர் மக்களைத் தேடும் வழக்கத்தை அவர்கள் கொள்ளவில்லை. சமூகவியல் ஆய்வாளர்கள் முன்கூட்டியே கிராமங்களுக்குச் சென்று, மழை ஏன் பெய்கிறது, காய்ச்சல் எதனால் வருகிறது என்பன பற்றி அங்குள்ளோர் என்ன எண்ணுகின்றனர் என்று கேட்டறிந்தனர். மானிடவியல் பயின்ற சிலர் கிராமங்களிலேயே மாதக்கணக்காகத் தங்கி, பெட்டி வருவதற்கு முன்னும் வந்த பின்னும் ஊர் எவ்வாறிருந்தது என்று எழுதிவைத்தனர். பெட்டிகளைச் செய்தளித்தது ஹைதராபாத்திலுள்ள மின்னணுவியற் கூட்டுத்தாபனம். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலை போன்ற வலையாலான பத்தடி அன்டெனா அவற்றுடன் சென்றது. மின்சாரம் எட்டாத சில ஊர்களில் மின்கலங்களைக் கொண்டு பெட்டியை இயக்கினர். ஒவ்வொரு பெட்டிக்கும் ஊரில் ஒரு காப்பாளர்; பழுது பார்ப்பதற்குத் தனிக் குழுக்கள். இவையாவும் திரையில் தோன்றாதவை. இவற்றில் ஒன்று தவறினும் திரை இருண்டுவிடும்.

ஆசிரியர்களையும் அவர்கள் மறக்கவில்லை. ஏறக்குறைய 50,000 ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களுக்கு இத்திட்டத்தின் வழியே விஞ்ஞானம் கற்பிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. பெட்டி வந்தால் ஆசிரியன் வேண்டாம் என்று எண்ணுவோர் எந்நாட்டிலும் உளர். இந்த எண்ணிக்கையை அவர்கள் சிந்தித்துப் பார்ப்பது நன்று. ஆண்டு முடிவில் செய்த ஆய்வுகளில், உடல்நலம் பற்றிய அறிவில் மிகுதியாக முன்னேறியவர்கள் எழுத்தறியாதோரும் பெண்களுமே என்று தெரிந்தது. அதே வேளையில், பெட்டி வந்ததனால் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் தொகை குறிப்பிடத்தக்கவாறு உயரவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. வயலில் வேலையுள்ள பிள்ளையைத் திரை இழுத்து வந்துவிடாது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1969 நவம்பரில், ஐக்கிய அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் சிறுவர் நிகழ்ச்சி தொடங்கியிருந்தது. அதனைத் தயாரித்தோர் செய்த ஒரு சோதனை சுவையானது. ஒரு பிள்ளையை நிகழ்ச்சிக்கு முன்னே அமர்த்தி, பக்கத்தில் மற்றொரு சிறு திரையில் சில விநாடிக்கு ஒருமுறை வேறு படங்களை மாற்றி மாற்றிக் காட்டினர். பிள்ளையின் கண் எப்பொழுது பாடத்தை விட்டுப் பக்கத்துப் படத்துக்குப் போகிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டார். கண் விலகிய இடமெல்லாம் திருத்தப்பட வேண்டிய இடம். எழுத்தும் எண்ணும் கற்பிக்க அந்நிகழ்ச்சி இசையையே பெரிதும் நம்பியது. பாட்டோடு வந்த பாடம் பிள்ளையின் நாவில் நிற்கும் என்பது தாலாட்டுப் பாடிய நம் பாட்டிமாருக்குப் புதிய செய்தியன்று. லயத்துத் திண்ணைகளிலும் காமன் கூத்துக் களத்திலும் தப்பின் ஓசையோடு வளர்ந்த இசை மரபு தோட்ட மக்களுக்கு உண்டு. ஒரு காலத்தில் அதிகாலையில் பெரட்டுக்கு அழைத்ததும் அந்தத் தப்பே. உடல்நலப் பாடம் ஒன்றை அம்மெட்டுகளில் அமைத்திருந்தால் அதற்கு எவ்வளவு வரவேற்பு இருந்திருக்கும் என்பதை மலையகத்தில் திருவிழாக் கண்டவர்கள் அறிவர்.

தோட்டங்களில் சுகாதாரம் போதிக்கும் முயற்சி தொலைக்காட்சிக்கு மிகவும் முந்தியது. 1916ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்போரின் தோலைத் துளைத்து உடலுட் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. சபரகமுவ போன்ற மழை மிகுந்த நிலத்தில் அதற்குக் குறைவிராது. உலகில் தாம் சென்ற இடமெல்லாம் மாயவிளக்குப் படங்களையும், நுண்ணோக்கியில் உயிரோடு நெளியும் புழுவையும் மக்களுக்குக் காட்டிப் பேசுவது அந்நிறுவனத்தாரின் வழக்கம். கற்பிக்கும் திரைக்கு அதனை மூதாதை எனலாம். மருந்து கொடுத்தனர், புழு இறங்கியது. ஆனால் மலசலகூடம் கட்டப் பணம் செலவிடத் தோட்ட முதலாளிகள் பலர் தயங்கினர். ஆகவே மருந்துண்டவர் மீண்டும் அதே மண்ணில் நடந்து மீண்டும் அதே நோயைப் பெற்றனர். படத்தில் மலசலகூடம் இருந்தது. லயத்தின் பின்னால் இல்லை. இப்பிழையைக் கல்வி ஒளிபரப்பின் வரலாறு முழுவதிலும் காணலாம்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13ஆம் நாள் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் அளாவித் தொடங்கியது. ஜப்பானிய அரசின் உதவியுடன் 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி நாடு தழுவிய நிலையமாக எழுந்தது. நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய, 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலையின் மேல் அதன் அஞ்சல் கோபுரம் நின்றது. கோபுரத்தைத் தோட்ட மக்கள் நிமிர்ந்து பார்க்கக்கூடிய காலம் வந்தது. ஆனால் லயங்களிற் பெரும்பாலானவற்றுக்கு அப்பொழுது மின்சாரம் வரவில்லை. பெட்டி வாங்க முடிந்த சிலர் மோட்டார் வண்டி மின்கலத்தைக் கடையிற் கொடுத்து மின்னேற்றி வந்து படம் பார்த்தனர். அவ்வாறு அரிதாய்ச் சேமித்த மின்சாரம் திரைப்படத்துக்குப் போகுமா, பாடத்துக்குப் போகுமா என்று கேட்க வேண்டியதில்லை. பொழுதும் ஒத்துவரவேண்டும். இறப்பர் மரத்தில் பால்வெட்டுபவர் விடியுமுன் எழுந்து நண்பகலளவில் வேலை முடிப்பர். கொழுந்து பறிப்பவரோ மாலையில்தான் லயத்துக்கு மீள்வர். இருவர்க்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடம் பயன்படாது.

சபரகமுவத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மற்றொரு தனித் துன்பமும் உண்டு. நுவரெலியாவைப் போல அங்கே தோட்டங்கள் தொடர்ந்து கிடப்பதில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை அவை. தமிழில் விஞ்ஞானத்தை உயர்தரம் வரை கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சில. 1961 ஒக்டோபரில் டெல்லியில் பாடசாலைத் தொலைக்காட்சி தொடங்கியதே இத்தகைய குறையைத் தீர்ப்பதற்காக. ஆய்வுகூடமும் தேர்ந்த ஆசிரியரும் இல்லாத உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பௌதிகமும் இரசாயனமும் ஆங்கிலமும் திரையில் வந்தன. ஃபோர்ட் நிறுவனம் உதவியது. திரைப்பாடத்துக்கு முன் வகுப்பாசிரியர் பொருளை அறிமுகம் செய்தார். பின்னர் பிள்ளைகளின் ஐயங்களைத் தீர்த்தார். வினாவுக்கு விடை கூறும் ஒருவர் அறையில் இருந்தமையே அத்திட்டத்தின் உயிர்நாடி.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி அமைச்சு ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் அலைவரிசைகளில் சிங்களத்தில் 'குருகெதர', தமிழில் 'குருகுலம்' என்னும் பாட நிகழ்ச்சிகளை நடத்தியது. கொழும்பில் செய்மதிப் பாடம் முதன்முதல் தெரிந்து அப்பொழுது நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. இம்முறை தமிழ் விடுபடவில்லை. இரவல் மொழியின்றித் தன் பாடத்திட்டத்தையே தன் மொழியில் ஒரு தோட்டப் பிள்ளை திரையிற் காண முடிந்தது. ஒளிப்பதிவுக் கூடத்தில் ஆசிரியர் மாணவர் எவருமின்றி ஒரு கருவியை நோக்கிப் பேசினார். மறுமுனையில் ஒரு லயத்து அறையில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சாதாரண தரப் பிள்ளையும் ஒரே பெட்டியின் முன் முறைவைத்து அமரவேண்டியிருந்தது. பாடம் முடிந்தபின் எழுந்த ஐயத்தைக் கேட்க, மலையிலிருந்து தாய் இறங்கி வரும்வரை அங்கே எவரும் இருக்கவில்லை.