சிறுபான்மைத் தாக்கம்

எண்ணிக்கையில் சிறிய ஒரு தரப்பு, தன் நிலைப்பாட்டை விடாமல் பிடித்து நின்று பெரும்பான்மையின் எண்ணத்தை மாற்றுவதைச் சமூக உளவியலில் சிறுபான்மைத் தாக்கம் என்பர். சாதி, மதச் சிறுபான்மையை மட்டும் இது குறிப்பதில்லை; ஊரே ஒன்று சொல்லும்போது வேறு சொல்பவர் எவரும் இதில் அடங்குவர்.

தொடக்கத்தில் ஆய்வுகள் எதிர்த்திசையிலேயே சென்றன. 1951இல் சாலமன் ஆஷ் அமெரிக்காவில் வெளியிட்ட, கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சோதனையில், உடனிருந்தவர்கள் வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் அந்தத் தவறையே பின்பற்றின. உடன் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் இந்த இணக்கம் வெகுவாகக் குறைந்தது. பாடநூல்கள் முன்னதைக் கொண்டாடிய அளவுக்குப் பின்னதைக் கவனிக்கவில்லை.

கவனித்தவர் செர்ஜ் மொஸ்கோவிசி. 1925இல் ருமேனியாவில் பிறந்த யூதர். யூத எதிர்ப்புச் சட்டங்களால் பள்ளிப் படிப்பை இழந்து, பின்னர் பாரிஸில் குடியேறியவர். எல்லோரும் கூட்டத்தோடு போனால் புதுமை எங்கிருந்து வருகிறது என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

1969இல் இரு சக ஆய்வாளர்களுடன் அவர் வெளியிட்ட சோதனை எளிமையானது. ஆறு பெண்கள் கொண்ட குழுவுக்கு 36 நீல நிற ஸ்லைடுகள் காட்டப்பட்டன. அறுவரில் இருவர் ஆய்வாளரின் ஆட்கள். ஒவ்வொரு முறையும் ‘பச்சை’ என்றனர். மற்றவர்களின் விடைகளில் 8.42 விழுக்காடு பச்சைக்கு மாறியது. அந்த இருவரே சில முறை நீலம் என்று தடுமாறியபோது 1.25 விழுக்காடுதான் மாறியது. பிறகு தனியே நடத்திய நிறச் சோதனையில், வாயால் நீலம் என்றே சொல்லிவந்தவர்களிடமும் பச்சையை நோக்கிய நகர்வு தெரிந்தது. இந்த ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது: வெளியே அசையாதவர் உள்ளே அசைந்திருந்தார். 1976இல் வந்த தம் நூலில் சமூக மாற்றத்தையே அவர் இவ்வழியில் விளக்கினார். உறுதி பிடிவாதமாகத் தோன்றினால் பலன் குறையும் என்பதைப் பின்னர் கப்ரியேல் முயுனி காட்டினார்.

ஆய்வுக்கூடத்தில் சில நிமிடங்களில் முடிவது வாழ்க்கையில் தலைமுறைகளை எடுத்துக்கொள்கிறது. 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதரில்லாமல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. இத்தகைய மணம் செல்லாது என 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளின் சொத்துரிமைவரை கேள்விக்குள்ளான பிறகும் அம்முறையில் மணம் செய்தவர்கள் இருந்தார்கள். மொஸ்கோவிசி சொன்ன விடாப்பிடிக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தம் அம்மணங்களுக்கு ஏற்பளித்தது. அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்றது.