'முதல்' என்று முழங்குமுன்

"தமிழின் முதல் அகராதியைத் தந்தவர் வீரமாமுனிவர்!" வரதராசன்பேட்டை வகுப்பறையில் நாம் பலமுறை இப்படிச் சொல்லியிருக்கிறோம். சொல்லும்போதே நெஞ்சு நிமிரும். ஏன் நிமிராது? இத்தாலியில் பிறந்த அப்பெரியார், நம் அரியலூர் மண்ணின் ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்த்தொண்டு புரிந்தவரல்லவா? 1732இல் அவர் ஆக்கிய சதுரகராதி நமக்குப் பெருமையல்லவா?

பெருமைதான். ஆனால் பெருமை வேறு, ஆராய்ச்சி வேறு. அதே வாக்கியத்தை ஆய்வேட்டில் எழுதப் புகும் மாணவன், முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: "இதற்கு முன் இருந்த நூல்கள் யாவை? அவைபற்றி ஆராய்ந்தவர் யாவர்?" அவ்வினாவுக்கு விடை தேடும் உழைப்பே, ஆய்வேடுகளில் 'ஆய்வு முன்னோடிகள்' எனத் தலைப்பிட்டு எழுதப்படும் பகுதி.

தேடிப் பார்ப்போம். திவாகரம் முதலான பழைய நிகண்டுகள் செய்யுளால் ஆனவை. மனப்பாடம் செய்தவனுக்கே கைகொடுப்பவை. 1594இல் சிதம்பர இரேவண சித்தர் 'அகராதி நிகண்டு' இயற்றினார். சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கினார். ஆயினும் அதுவும் செய்யுளே. 1679இல் அந்தாம் தெ புரோயன்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி, கேரளத்து அம்பழக்காட்டில் அச்சேறியது. சதுரகராதிக்கு 53 ஆண்டுகள் முந்தியது அது! ஈழத்தில் பிறந்த தனிநாயக அடிகள், வாத்திகன் நூலகத்துப் படியைக் கொண்டு அதனை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார்.

அப்படியானால் வீரமாமுனிவர் புகழ் குன்றியதா? இல்லை. குன்றியது நம் சோம்பல் சொன்ன 'முதல்' என்ற சொல் மட்டுமே. பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகை வகுத்து, தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள் தந்து, வேண்டிய சொல்லை எவரும் புரட்டிக் காணச் செய்தார் அவர். நிகண்டை நெட்டுருப் போட்ட சிலரிடம் இருந்த அறிவைப் பலர் கைக்கு மாற்றிய செயல் அது! முன்னவர்களை அருகில் நிறுத்திய பிறகுதான் அவருடைய உண்மையான உயரம் தெரிகிறது.

தேடுவதற்குத் துணையும் உண்டு. 1865இலேயே ஜான் மர்டாக் அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்திப் பட்டியல் வெளியிட்டார். தனிநாயக அடிகளும் 1966இல் தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டி தந்தார். ஆனால் பட்டியலை அப்படியே படியெடுப்பது ஆய்வாகாது. நூல்களைக் காலவரிசையில் நிறுத்தி, யார் எதைச் சொன்னார், எதில் ஒன்றுபட்டனர், எங்கே முரண்பட்டனர், எதை விட்டனர் என்று ஒப்பிட்டு எழுத வேண்டும். அவர்கள் விட்ட இடமே நாம் தொடங்கும் இடம்.

புராணத்தைக் கேள்வி கேட்கத் துணிந்த நாம், நமக்கு இனிக்கும் செய்தியை மட்டும் கேளாமல் விடுவது பகுத்தறிவாகுமா? நாளை வகுப்பில் நம் பழைய வாக்கியத்தை நாமே திருத்துவோம். "ஐயா, அது எப்படித் தெரியும்?" என்று ஒரு சிறுவன் எழுந்து கேட்பானாயின், அவனே நாளைய ஆராய்ச்சியாளன்!