திருக்கை மீனும் மதுப்புட்டியும்

அடுக்களைப் பாத்திரத்தையும் பழக்கூடையையும் தீட்டுபவன் ஓவியன்தானா? பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சு தேசத்திலே இக்கேள்விக்குக் கிடைத்த விடை கடுமையானது. அரச ஓவியக் கழகத்தின் 1667 ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளுக்கு முன்னுரை வரைந்த ஃபெலிபியன், சரித்திரத்தையும் புராணத்தையும் தீட்டுவோரை உச்சியில் அமர்த்தினார். பழமும் பூவும் சிப்பியும் தீட்டுவோருக்குக் கடைசிப் படியே எஞ்சியது. உயிரற்ற பொருளைத் தீட்டக் கண்ணும் கையும் போதும், கற்பனை வேண்டியதில்லை என்பது அக்காலத்தவர் எண்ணம்.

அக்கடைசிப் படியிலேதான் ஷார்தன் வந்து நின்றார். 1699 இல் பாரிஸ் நகரில் தச்சரொருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். 1728 இல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றபோது அவர் அளித்த ஓவியங்களுள் ஒன்று, கொக்கியிலே தொங்கும் திருக்கை மீன். வயிறு கீறப்பட்டுக் குடல் தெரிகின்றது. வாயோ மனித முகம்போல் இளிக்கின்றது. சிப்பிகளின்மேல் பூனையொன்று மயிர் சிலிர்த்து நிற்கின்றது. மேசை விளிம்பைத் தாண்டிக் கத்திப்பிடியொன்று நீண்டிருக்கின்றது. காண அருவருப்பான அப்பொருள் மீனின் தசையாகவே கண்முன் நிற்பதை 1763 இல் திதரோ வியந்து எழுதினார்.

இந்த மெய்ம்மை முறை ஒல்லாந்த ஓவியர்கள் நூறாண்டுக்கு முன்னரே வளர்த்தது. ஆனால் அவர்களுட் பலர் விரும்பிய அரிய சங்கை விட்டு, சாதாரண வீட்டுச் செப்புப் பாத்திரத்தையும் மண்சட்டியையும் ஷார்தன் திரும்பத் திரும்பத் தீட்டினார். தம் காலத்துப் பொருளைத் தேர்ந்ததனாலேயே பழைய முறை அவர் கையில் உயிரோடிருந்தது எனலாம்.

1779 இல் அவர் மறைந்தபின் அவர் புகழ் மங்கிற்று. 1869 இல் லா காஸ் என்னும் மருத்துவரின் சேகரிப்பு லூவர் அரும்பொருட்சாலையை அடைந்தபோது, ஷார்தனின் ஓவியங்கள் பலவும் அங்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்றிலே, பிரியோஷ் என்னும் வெண்ணெய்ப் பாணின் உச்சியில் ஆரஞ்சுப் பூ செருகப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே எதுவார் மனே அதே பாணைத் தாமும் தீட்டி, அதன் மேல் ரோசாப்பூவைச் செருகினார்.

மனே அத்துடன் நிற்கவில்லை. 1882 இல் அவர் தீட்டிய ஃபோலி பெர்ஷேர் மதுச்சாலை ஓவியத்தைப் பற்றி எழுதுவோர், பணிப்பெண்ணின் முகத்தையும் பின்னுள்ள நிலைக்கண்ணாடியையுமே பெரிதும் பேசுவர். அவள் முன்னுள்ள பளிங்கு மேடையை அவசரத்திலே கடந்துவிடுவர். அங்கேதான் ஷார்தனின் அடுக்களை மேசை பாரிஸ் நகரத்து இரவு வாழ்வுக்குள் புகுந்திருக்கின்றது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஆரஞ்சுகள், குவளை நீரில் இரு ரோசாக்கள், ஷாம்பெயின் புட்டிகளின் பொற்கழுத்துகள். இவற்றிடையே செம்முக்கோணம் பொறித்த ஆங்கிலேய பியர்ப் புட்டி. அம்முக்கோணம் 1876 இல் பிரித்தானியாவில் முதலாவதாகப் பதிவுபெற்ற வணிகச் சின்னம்! இடக்கோடியிலுள்ள புட்டியின் ஒட்டுச்சீட்டிலே, மதுவின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், மனே தம் பெயரையும் ஆண்டையும் எழுதிவைத்தார்.