சீட்டுக் குலுக்கிக் கண்ட உண்மை: சென்னைக் காசநோய் ஆய்வும் புள்ளியியலும்

விடுமுறைக்கு ஊருக்குப் போய் சென்னையில் மின்சார ரயில் ஏறியவர்கள், தாம்பரத்துக்கு முந்திய நிலையத்தின் பெயரைக் கவனித்திருப்பார்கள். ‘தாம்பரம் சானடோரியம்’. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது வெறும் ஊர்ப்பெயர். நம் தாத்தா பாட்டி காலத்திலோ அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த மருத்துவமனையே நிலையத்துக்கும் பெயராயிற்று.

க்ஷயரோகம் என்று அன்று சொல்லப்பட்ட இந்த நோய்க்கு அப்போது மருந்தே கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, குடும்பத்தை விட்டு விலகியிருத்தல் ஆகியவைதான் வைத்தியம். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பி.ஏ.எஸ். என்ற மருந்தும், 1952-இல் ஐசோனியசிட் மாத்திரையும் வந்தபின் நிலைமை மாறியது. ஆனாலும் ‘மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்’ என்ற எண்ணம் மாறவில்லை.

நம் நாட்டுக்கு இது கட்டுப்படியாகிற காரியமா? 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தியது. எல்லாரையும் சோதிக்காமல், முறையாகத் தேர்ந்தெடுத்த நகரங்களிலும் கிராமங்களிலும் மட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். காசநோய் பட்டணத்து நோய் என்ற நம்பிக்கை அதில் உடைந்தது. கிராமங்களிலும் நோய் ஏறக்குறைய அதே அளவுக்கு இருந்தது. நோயாளிகள் பல லட்சம். படுக்கைகளோ மிகக் குறைவு. வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா என்பது பல லட்சம் குடும்பங்களின் வாழ்வா சாவா என்கிற கேள்வியாக இருந்தது.

ஒப்பிடுவதில் உள்ள சிக்கல்

‘வீட்டில் இருந்தவர்களையும் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களையும் எண்ணிப் பார்த்தால் போச்சு, இதில் என்ன கஷ்டம்?’ என்று கேட்கத் தோன்றும். கஷ்டம் இருக்கிறது. நோய் முற்றியவரை டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார். லேசாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவார். அல்லது, வசதியும் செல்வாக்கும் உள்ளவருக்குப் படுக்கை கிடைக்கும். ஏழை திரும்பிப் போவார். இப்படிப் பிரிந்தவர்களை ஒப்பிட்டால், வைத்தியத்தின் பலனையும் ஆளின் நிலைமையையும் பிரித்தறிய முடியாது.

இதற்கு வழி வயற்காட்டிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை பார்த்த ரொனால்டு ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆராய்ச்சியாளர் தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும் என்று 1920-களில் வகுத்தார். ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர் அதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் 107 நோயாளிகளை மூடிய உறைகளின் வழியே இரண்டாகப் பிரித்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். டாக்டரின் இரக்கத்துக்கோ நோயாளியின் சிபாரிசுக்கோ அதில் இடமில்லை என்பதால்தான் அந்த எண்களை நம்ப முடிந்தது.

சென்னையில் நடந்தது

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்தினார். நம்மவர்களான மருத்துவர்களும், எஸ். ராதாகிருஷ்ணா போன்ற புள்ளியியலாளர்களும் உழைத்தார்கள்.

சென்னை நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு ஓராண்டு சானடோரியத்தில். மற்றது அவரவர் வீட்டில். மருந்து இருவருக்கும் ஒன்றே: ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும் நர்ஸின் கவனிப்பும் இருந்தன. வீட்டில் இருந்தவர்களுக்கோ நெரிசலான ஒற்றை அறை, அரைகுறைச் சாப்பாடு, விட முடியாத வேலை. அவர்கள் வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்றும் பார்த்தார்கள்.

முடிவு 1959-இல் வெளிவந்தது. ஓராண்டில் சளியில் கிருமி இல்லாமல் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ‘ஆறு சதவீதம் குறைகிறதே’ எனலாம். ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டினால் சரியாக ஐம்பது தலை விழுவதில்லை அல்லவா? பிரிவுக்கு நூறு பேருக்கும் குறைவாக இருக்கும்போது, இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது இரு பிரிவிலும் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் நலமாக இருந்தார்கள்.

வீட்டில் உள்ள குழந்தை குட்டிகளுக்கு நோய் ஒட்டிக்கொள்ளாதா என்பதுதான் எல்லாரையும் உறுத்திய பயம். இரு பிரிவினரின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டு கண்காணித்து 1966-இல் வெளியிட்ட முடிவு அதற்கும் விடை சொன்னது. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. பெரும்பாலும் தொற்று, நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே நடந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரவும் சக்தி வேகமாகக் குறைகிறது.

1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்துக்கு வீட்டுச் சிகிச்சையே அடிப்படை ஆயிற்று. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. சம்பாதிக்கும் தகப்பனும் பால் கொடுக்கும் தாயும் ஓராண்டு வீட்டை விட்டுப் போகாமல் பிழைக்க வழி பிறந்தது. அந்த மையம் 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்குகிறது.

கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சத்துக் குறைந்த சாப்பாட்டோடும் நோய் குணமானதைக் கண்டு, ‘காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை’ என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு சொன்னது அதுவல்ல. மருந்து சாப்பிடுபவர் குணமாவதற்கு விசேஷச் சாப்பாடு அவசியமா என்பதுதான் அங்கே கேள்வி. நோய் வராமல் தடுக்கச் சாப்பாடு உதவுமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை 2023-இல்தான் வந்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நோயாளிகளின் குடும்பத்தார் 10,000-க்கும் மேற்பட்டோரிடம், அதே குலுக்கல் முறையில் ஆய்வு நடந்தது. கூடுதல் உணவுப் பொருள்கள் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

‘இதைச் சாப்பிட்ட அத்தனை பேரும் குணமானார்கள்’ என்று தினம் ஒரு செய்தி நம் கைப்பேசிக்கு வருகிறது. பார்த்தவுடன் பத்துப் பேருக்கு அனுப்பாமல், மூன்று கேள்வி கேட்கச் சொல்லி நம் பிள்ளைகளைப் பழக்கலாம்: யாரோடு ஒப்பிட்டார்கள்? இரு பக்கமும் யார் யார் என்பதை யார் பிரித்தார்கள்? எத்தனை நாள் தொடர்ந்து பார்த்தார்கள்? சென்னையில் அந்த 193 பேரை வைத்து ஆய்வு செய்தவர்கள், நாட்டுக்கே ஒரு வழியைச் சொல்லும் முன் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டவையும் இவைதான்.